கம்பியில்லாத் தொடர்பு: அமைப்பதும் சோதிப்பதும்

இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு

இன்றைய உலகம் அறிவியல் உலகம் என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த அறிவியல் நம் கைக்கு எட்டாமல் நின்றுவிடும் நேரத்தில்தான் அதன் அருமை நமக்குப் புரிகிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தை இணையத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். கணிப்பொறியின் முன் வந்து அமரும் மாணவருக்குக் கிடைக்கும் விடை, “நெட் இல்லை” என்பது. வீட்டில் கணிப்பொறி இல்லாத ஒருவருக்கு இந்த இரண்டு சொற்கள் ஓராண்டு உதவித்தொகையையே இழக்கச் செய்யக்கூடியவை.

‘நெட் இல்லை’ என்பது ‘உடம்பு சரியில்லை’ என்பதைப் போன்ற ஒரு சொல். காய்ச்சலா, தலைவலியா, வயிற்றுக் கோளாறா என்று கேட்டறியாமல் எந்த மருத்துவரும் மருந்து எழுதுவதில்லை. இணையத் தொடர்பும் அப்படியே. நம் கணிப்பொறிக்கும் தொலைவிலுள்ள தளத்துக்கும் இடையே இருப்பது ஒரே கயிறு அன்று. பல கண்ணிகள் கோத்த சங்கிலி. அறுந்த கண்ணி எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. அருகிலிருந்து தொலைவு நோக்கி ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பொறுமை இருந்தால் போதும். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறிது வரலாறு

கம்பியில்லாத் தொடர்புக்கு அடிப்படை மின்காந்த அலைகள். இவ்வலைகள் இருந்தாக வேண்டும் என்பதை மாக்ஸ்வெல் 1865-ஆம் ஆண்டில் தம் சமன்பாடுகளின் வாயிலாக உணர்த்தினார். 1880-களின் இறுதியில் ஹெர்ட்ஸ் அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். நம் நாட்டு அறிஞர் ஜகதீஸ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில், சுவரைக் கடந்து சென்ற அலைகளைக் கொண்டு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

கணிப்பொறிகளை வானொலி அலைகளால் இணைக்கும் முயற்சியில் முன்னோடி ஹவாய்ப் பல்கலைக்கழகம். கடலால் பிரிந்து கிடந்த தீவுகளிலிருந்து மையக் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என்ற தேவையால், நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் ‘அலோஹாநெட்’ என்னும் வலையமைப்பு 1971-இல் இயங்கத் தொடங்கியது. இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிக் கெட்டுவிடும். அப்போது ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் பேசும். இன்றைய வைஃபை, பேசுவதற்கு முன்பே காற்றில் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசுகிறது. எனினும் காத்திருக்கும் அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

1985-இல் அமெரிக்கா சில அலைவரிசைப் பகுதிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்தது. அதன் பயனாக வளர்ந்த ஆய்வுகளின் விளைவே 1997-இல் வெளிவந்த 802.11 என்னும் தர விதி. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. வைஃபை என்ற பெயர் 1999-இல் சூட்டப்பட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005-இல் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டது. நாம் இன்று யாரிடமும் உரிமம் கேளாமல் ஒரு பெட்டியை வாங்கிவந்து மாட்டிக்கொள்ள முடிவது இதனால்தான்.

பெட்டி செய்யும் வேலை

சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைச் சிலர் மோடம் என்பர். சிலர் ரவுட்டர் என்பர். பலர் வைஃபை பெட்டி என்பர். உண்மையில் இங்கே மூன்று வேலைகள் நடைபெறுகின்றன. காற்றில் வரும் செய்தியைக் கம்பிக்கும், கம்பியில் வரும் செய்தியைக் காற்றுக்கும் மாற்றிக் கொடுப்பது முதல் வேலை. இதைச் செய்வதே ஆக்சஸ் பாயிண்ட். தமிழில் அணுகுமுனை எனலாம். நம் வளாகத்து வலையமைப்பையும் வெளி இணையத்தையும் இணைத்து வழிகாட்டுவது இரண்டாம் வேலை. அது ரவுட்டரின் பணி. ஒளியிழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது மூன்றாம் வேலை.

வீடுகளில் இம்மூன்றையும் ஒரே பெட்டி செய்துவிடுவது வழக்கம். கல்லூரி போன்ற பெரிய இடங்களில் அணுகுமுனை நூலகத்தில் இருக்கும். ரவுட்டர் வேறோர் அறையில் இருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நம் திரையின் மூலையில் தெரியும் விசிறி போன்ற அடையாளத்தில் உள்ள கோடுகள், நமக்கும் அணுகுமுனைக்கும் இடையே அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதற்கு அப்பால் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் ஒளியிழையை வெட்டியிருந்தாலும் கோடுகள் குறைவதில்லை. “சிக்னல் ஃபுல்லாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை” என்று நண்பர்கள் வியப்பதற்குக் காரணம் இதுவே.

அமைக்கும் முறை

அணுகுமுனையை அமைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, கம்பியில்லா வேலையைத் தொடங்காமல் இருப்பது! ஒரு கணிப்பொறியை ரவுட்டரில் நேரடியாகக் கம்பியால் இணைத்து, இணையம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பியிலேயே வராதது காற்றில் வரப்போவதில்லை அன்றோ? அது சரியாக இருந்தால் அணுகுமுனையை இணைத்து, அதன் அருகிலேயே ஒரு கணிப்பொறியை வைத்துச் சோதிக்க வேண்டும். அதன் பின்னரே தொலைவிலுள்ள மேசைகளுக்குச் செல்ல வேண்டும்.

இடத் தேர்வு முக்கியமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களை ஓரளவு தாண்டிச் செல்லும். பின்னது வேகமானது, ஆனால் சுவர்களில் வலுவிழக்கும். பழைய கட்டடங்களின் தடித்த சுவர்கள் இரண்டையுமே தளர்த்தும். இரும்பு பீரோவோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே பெட்டி திருடுபோகாமல் இருக்கட்டும் என்று பீரோவுக்குப் பின்னே வைப்பது, விளக்கைக் குடத்துக்குள் வைப்பதற்கு ஒப்பாகும். அறையின் நடுப்பகுதியில், தலைக்கு மேலான உயரத்தில், எதிரே தடையின்றி அமைப்பதே நன்று. ரவுட்டரிலிருந்து அணுகுமுனைக்கு வரும் செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

அடுத்தது சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் அடுத்தடுத்த சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஒன்றையொன்று தொடாமல் இயங்கக்கூடியவை என்று பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றுமே. அடுத்தடுத்த மூன்று அறைகளில் மூன்று அணுகுமுனைகள் இருந்தால் அவற்றுக்கு இம்மூன்றையும் பிரித்துக் கொடுப்பது முறை.

பாதுகாப்பையும் மறத்தல் கூடாது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அல்லவா செல்கின்றன? தொடக்கக் காலத்தில் வந்த ‘வெப்’ என்னும் பூட்டு முறை எளிதில் உடைக்கத்தக்கது என்பது 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. 2004-இல் வந்த ‘டபிள்யூ.பி.ஏ. 2’ அல்லது 2018-இல் வந்த ‘டபிள்யூ.பி.ஏ. 3’ முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாமல், கல்லூரியின் பெயரும் ஆண்டுமாக இல்லாமல், பிறர் ஊகிக்க முடியாததாக அமைய வேண்டும். இவையன்றி, பெட்டியின் அமைப்புகளை மாற்றுவதற்கென்று தனியே ஒரு கடவுச்சொல் உண்டு. பல பெட்டிகளில் அது ‘அட்மின்’ என்றே வருகிறது. அதை முதல் நாளே மாற்றாவிட்டால், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதையாகும்.

சோதிக்கும் முறை: ஆறு கேள்விகள்

இனி நம் தலைப்பின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். தொடர்பு இல்லை என்று தெரிந்தவுடன் கீழ்க்காணும் ஆறு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கேள்விக்கு முதலில் ‘இல்லை’ என்ற விடை வருகிறதோ, அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

1. அலை எட்டுகிறதா? பட்டியலில் நம் வலையமைப்பின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அலையின் வலிமையை டி.பி.எம். என்னும் அலகால் குறிப்பர். கைப்பேசியில் இதை அளந்து காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. கழித்தல் 50 என்றால் மிக நன்று. கழித்தல் 67 வரை நன்று. கழித்தல் 80 என்றால் தொடர்பு தள்ளாடும். இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு சுவையான கணக்கு: அணுகுமுனை 100 மில்லிவாட் திறனில் அனுப்ப, நம் மேசையில் கழித்தல் 70 கிடைக்கிறது என்றால், அனுப்பியதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்தடைகிறது. அதைக் கொண்டே நம் கணிப்பொறி பாடம் படிக்கிறது என்பது வியப்பன்றோ?

2. முகவரி கிடைத்ததா? கடவுச்சொல் சரியாக இருந்தால் கணிப்பொறி உள்ளே அனுமதிக்கப்படும். அனுமதி கிடைத்தால் மட்டும் போதாது. விடுதியில் சேர்ந்தவருக்கு அறை எண் வேண்டுவது போல், அதற்கு ஐ.பி. முகவரி என்னும் எண் வேண்டும். கணிப்பொறி ‘எனக்கு முகவரி தருவார் உண்டா?’ என்று கேட்க, ரவுட்டர் ஓர் எண்ணை முன்வைக்க, கணிப்பொறி அதையே வேண்ட, ரவுட்டர் உறுதி செய்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். விண்டோஸ் கணிப்பொறியில் கட்டளைத் திரையைத் திறந்து ‘ஐ.பி.கான்ஃபிக்’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் நம் எண் தெரியும். பெரும்பாலும் அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், கேட்டுப் பார்த்து யாரும் தராததால் கணிப்பொறி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணைக் கொண்டு வெளியே செல்ல இயலாது.

3. நுழைவாயில் பதில் தருகிறதா? அதே கட்டளையில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் ரவுட்டரின் எண் இருக்கும். எடுத்துக்காட்டாக 192.168.1.1 என்று கொள்வோம். ‘பிங்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். பதில் சில மில்லிநொடிகளில் வந்தால் நமக்கும் ரவுட்டருக்கும் இடையே எல்லாம் நலம். பிங் என்னும் இச்சிறு நிரலை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியால் தடையை அறியும் ‘சோனார்’ கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். செய்தியை அனுப்பு, எதிரொலி வருகிறதா என்று பார் என்பதே இதன் தத்துவம்.

4. வெளியுலகம் பதில் தருகிறதா? இப்போது வளாகத்துக்கு வெளியே உள்ள ஓர் எண்ணுக்கு, எடுத்துக்காட்டாக கூகுளின் 8.8.8.8 என்னும் எண்ணுக்கு, பிங் அனுப்ப வேண்டும். நுழைவாயில் பதில் தந்து இது தராவிட்டால், பழுது பெரும்பாலும் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலுள்ள இணைப்பிலோ இருக்கும். அப்போது நம் கணிப்பொறியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஆயினும் சில இடங்களில் பாதுகாப்பு கருதி பிங் செய்திகளைத் தடுத்து வைத்திருப்பர். ஆகவே இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பு வழங்கிவிடக் கூடாது.

5. பெயர் எண்ணாக மாறுகிறதா? நாம் தளங்களைப் பெயரால் அறிகிறோம். கணிப்பொறிகளோ எண்ணால் அறிகின்றன. தொலைபேசிக் கையேட்டைப் போலப் பெயருக்கு எண் சொல்லும் ஏற்பாடே டி.என்.எஸ். இதை 1983-இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். எண்ணுக்கு அனுப்பிய பிங் திரும்பி வந்து, பெயருக்கு அனுப்பும்போது அப்பெயரையே கண்டறிய முடியவில்லை என்று திரை சொன்னால், பாதை இருக்கிறது, கையேடுதான் இல்லை என்று அறியலாம். ரவுட்டரிலோ கணிப்பொறியிலோ டி.என்.எஸ். எண்ணைச் சரிசெய்தால் போதும்.

6. தளம் திறக்கிறதா? மேற்சொன்ன ஐந்தும் சரியாக இருந்தும் தளம் திறக்காமல் போவதுண்டு. சில வளாகங்களில் முதலில் ஒரு நுழைவுப் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாக வேண்டும். இன்னொரு காரணம் பலரும் எண்ணிப் பாராதது: கணிப்பொறியின் தேதி. பழைய கணிப்பொறிகளின் உள்ளே இருக்கும் வட்ட வடிவச் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறான கணிப்பொறி அச்சான்றிதழை ஏற்க மறுத்து, ‘இத்தளம் பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கும். மாணவர் தளத்தைப் பழிப்பார். குறை மிக மலிவான ஒரு பேட்டரியில் இருக்கும்!

காலையில் வரும், நண்பகலில் போகும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு நூலகத்தில் காலை முழுவதும் இணையம் நன்றாக இயங்குகிறது. நண்பகலுக்குப் பின் புதிதாக வருவோருக்கு மட்டும் கிடைப்பதில்லை. முன்பே இணைந்தவர்களுக்குக் குறையேதும் இல்லை. அலைவரிசைக் கோளாறு என்றால் எல்லோருக்கும் அல்லவா வர வேண்டும்?

ஆறு கேள்விகளைக் கேட்டால் இரண்டாவதிலேயே விடை கிடைத்துவிடும்: புதியவர்களின் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. ரவுட்டரில் பார்த்தால், கொடுப்பதற்கென்று ஒதுக்கிய எண்கள் 100 முதல் 149 வரை, அதாவது 50 மட்டுமே. நூலகத்துக் கணிப்பொறிகள் 20. காலையில் வந்துபோன கைப்பேசிகள் 30. ஒருமுறை கொடுத்த எண்ணை 24 மணி நேரத்துக்குத் திரும்பப் பெறுவதில்லை என்று அமைத்திருந்தால், கைப்பேசிக்காரர் வீட்டுக்குச் சென்ற பின்னும் அவருடைய எண் காலியாவதில்லை. விடுதி அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவரின் கதைதான். எண்களின் தொகையைக் கூட்டி, கால அளவை இரண்டு மணியாகக் குறைத்தால் சிக்கல் தீரும். இதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை. ஒரு ரூபாயும் செலவில்லை. காரணம் அறியாதவரோ புதிய அணுகுமுனையை வாங்கி மாட்டியிருப்பார். முகவரி கொடுக்கும் ரவுட்டர் பழையபடியே இருப்பதால் குறையும் பழையபடியே இருந்திருக்கும்.

வேகம் குறைவது ஏன்?

தொடர்பு உண்டு, ஆனால் ஊர்கிறது என்பது மற்றொரு குறை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்று முன்னர்க் கண்டோம். நொடிக்கு 100 மெகாபிட் கொண்ட இணைப்பை 40 பேர் ஒரே நேரத்தில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால் ஆளுக்கு 2.5 மெகாபிட்தான் கணக்கில் வரும். காத்திருப்பதிலும் மோதலிலும் வீணாகும் நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். மேலும், அலை வலுவிழந்த மூலையில் அமர்ந்திருப்பவரின் கணிப்பொறி மெதுவாகப் பேசுவதால் அதே செய்திக்குக் காற்றை நெடுநேரம் பிடித்துக்கொள்கிறது. அதனால் அருகில் இருப்பவர்களும் காத்திருக்க நேர்கிறது.

குறை காற்றிலா, கம்பியிலா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரே நேரத்தில் ஒரு கணிப்பொறியைக் கம்பியிலும் மற்றொன்றைக் காற்றிலும் இணைத்து, இரண்டிலிருந்தும் நுழைவாயிலுக்குப் பிங் அனுப்பிப் பார்க்க வேண்டும். கம்பியில் ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் வரும் பதில், காற்றில் சிலமுறை 5, சிலமுறை 300 என்று தடுமாறினால் குறை காற்றில். இரண்டிலும் நன்றாக இருந்து வெளியுலகத்துக்கு மட்டும் தடுமாறினால் குறை இணைப்பில்.

ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடம்

இவ்வளவும் படித்த பின் ஒரு கேள்வி எழலாம்: எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, எதற்கு இத்தனை பாடு? சரியாகிவிடலாம். ஆனால் எதனால் கெட்டது, எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. நாளை மீண்டும் கெடும். மேற்கண்ட நூலகத்திலும் ரவுட்டரை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் எல்லோருக்கும் இணையம் வரலாம். மறுநாள் நண்பகலில் அதே கதை தொடரும்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தைக் காணும்போது நீளத்தை மட்டும் மாற்றுகிறோம், மற்றவற்றை மாற்றுவதில்லை. இங்கும் அவ்வாறே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நாள், நேரம், எந்த மேசை, எந்தக் கேள்வியில் நின்றது, என்ன செய்தோம் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு வாரக் குறிப்புகளைப் புரட்டினாலே, குறை ஒரே மேசையிலா, ஒரே வேளையிலா, எல்லா இடத்திலுமா என்பது புலப்பட்டுவிடும். பழுது பார்க்க வருபவரிடம் “நெட் வரவில்லை” என்று சொல்வதற்கும், “நுழைவாயில் பதில் தருகிறது, வெளி எண் தரவில்லை, நேற்று மாலை 3 மணி முதல்” என்று சொல்வதற்கும் எவ்வளவு வேறுபாடு! இரண்டாவதைக் கேட்பவர் நேரே உரிய இடத்துக்குச் செல்வார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். மதிப்பெண் பட்டியலும், உதவித்தொகையும், வேலைவாய்ப்பு அறிவிப்பும் இணையத்தின் வழியாக வரும் காலத்தில், அந்த வழி அடைபட்டால் காத்துக்கொண்டிருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. கணிப்பொறி அறிவியல் பயில்வோர் மட்டுமே அறிய வேண்டியது இது என்றும் எண்ண வேண்டா. தமிழ் பயில்பவரும் வரலாறு பயில்பவரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஆறு கேள்விகளே இவை. ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவற்றை ஓர் அட்டையில் எழுதி, நூலகத்திலும் கணிப்பொறி அறையிலும் தொங்கவிட்டு, அருகில் ஒரு குறிப்பேட்டையும் வைத்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அந்த அட்டையின் முன் நிற்கும் ஒரு மாணவர் திரும்பிப் போகாமல் தம் வேலையை முடித்துச் செல்வாராயின், அதுவே நாம் கற்ற அறிவியலின் பயனாகும்.